மணிக்காரர் பார்த்த ஒரே ஒரு சுற்று

என் அக்கா புருஷனைவிட நடுநிலையான ஆளை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் உப்பு எப்படி என்று அக்கா கேட்டால், "இருக்கு" என்பார். மழை வருமா என்று கேட்டால் வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு என் அக்கா நாற்பத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். நியாயமாக அவளுக்குத்தான் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். ஊர் அத்தானுக்குக் கொடுத்தது.

எதற்குப் பதக்கம் என்றால், எங்கள் ஊர்க் குத்துச்சண்டை அரங்கில் இருபத்து நான்கு வருடம் நேரம் பார்த்ததற்கு. சுற்று ஆரம்பிக்க ஒரு மணி, மூன்று நிமிடம் முடிந்ததும் ஒரு மணி, ஒரு நிமிட ஓய்வுக்குப் பிறகு மறுபடி மணி. அவ்வளவுதான் வேலை. அதில் ஒரு நொடிகூடத் தப்பாதவர் என்று பெயர் வாங்கி, சொந்தப் பெயர் ஊருக்கு மறந்தே போய், மணிக்காரர் ஆகிவிட்டார்.

பிழைப்புக்குக் குடிநீர் அலுவலகத்தின் மீட்டர் சோதனை அறை. வீடுகளிலிருந்து கழற்றி வந்த தண்ணீர் மீட்டர்களைக் குழாயில் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டி கோடு வரை நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பார். மீட்டர் காட்டுகிற கணக்கும் தொட்டியில் இருக்கிற தண்ணீரும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைப்பார். எப்போதும் ஈரமான தரை, எப்போதும் ரப்பர் செருப்பு. முள்ளை இமைக்காமல் பார்த்துப் பழகியவர் என்றுதான் அரங்கத்துக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. நேரம் பார்க்கிறவர் மேடையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். சண்டைக்காரர்களின் வியர்வை அவர் சட்டையில் தெறிக்கும். ஆனால் சண்டையை அவர் பார்க்கக் கூடாது. விழுந்தவரை எண்ணுவதெல்லாம் நடுவர் பாடு. இவர் கண் முள்ளைவிட்டு நகரக் கூடாது. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் அரங்கத்து விதி அது. அத்தான் விதியைவிட ஒரு படி மேலே போய், மேடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். ஆக, ஊரின் மாபெரும் சண்டைகள் அத்தனைக்கும் முதல் வரிசைக்கும் முன்னால் உட்கார்ந்து, ஒன்றைக்கூடப் பார்க்காத ஒரே மனிதர் அவர்தான். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும்.

எங்கள் ஊரில் அப்போது இரண்டே கட்சிகள்: தபால் கட்சி, ரொட்டிக் கட்சி. தபால்காரர் காலையில் கடிதப் பையோடு தெருத் தெருவாக அலைந்துவிட்டு, சாயங்காலம் கையுறை மாட்டுகிறவர். ரொட்டிக்காரர் பேக்கரியில் மூட்டை மூட்டையாக மாவு பிசைந்து வளர்ந்தவர். ஒரே எடை, ஒரே காலம். தபால்காரர் மேடையில் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். இடது கையை நீட்டி எதிராளியின் மூக்கில் ஒன்றைப் பட்டுவாடா செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ரொட்டிக்காரர் நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டார். வாங்குவார், வாங்குவார், வாங்கிக்கொண்டே இருப்பார். பத்து வாங்கிக்கொண்டு ஒன்று கொடுப்பார். அந்த ஒன்று போதும்.

நான் ரொட்டிக் கட்சி. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப் போனால்கூட முதலாளியிடம் நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். வாங்குகிறவன் ஒருநாள் திருப்பிக் கொடுப்பான் என்று காட்டிய மனிதரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாமல் வேறு என்ன செய்வேன்?

இருவரும் ஒரே ஒரு தடவைதான் மோதினார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பத்துச் சுற்று. ஜெயிக்கிறவர் தலைநகரத்துக்குப் போய்ப் பெரிய பட்டத்துக்கு மோதலாம். ஒன்பது சுற்றிலும் தபால்காரர் ரொட்டிக்காரரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். பத்தாவது சுற்று முடிய இரண்டே நொடி இருந்தபோது ரொட்டிக்காரரின் வலது கை தபால்காரர் தாடையில் இறங்கியது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. விழுந்த பிறகு மணி அடித்தாலும் எண்ணிக்கை நிற்காது என்பது விதி. அரங்கத்துப் பதிவேட்டில் அத்தான் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினார்: பத்தாம் சுற்று, விழுந்த நேரம் 2 நிமிடம் 58 நொடி. ரொட்டிக்காரர் தலைநகரம் போய்ப் பட்டத்தோடு வந்தார். தபால்காரர் அதன் பிறகு மேடை ஏறவே இல்லை. கடிதப் பையோடு சரி.

அந்த இரண்டு நொடியை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! "கால் வேலை, கை வேலை எல்லாம் சரிதான்யா. ரெண்டு செகண்டு தாங்காதவன் என்ன பெரிய வீரன்?" என்று கேட்டால் தபால் கட்சிக்காரன் வாயடைத்துப் போவான். டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட இதை நான் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அரங்கத்துக்கு ஐம்பது வயது. சிறப்பு மலர் ஒன்று போடுவதென்றும், அதில் இரண்டு பேரின் சகல திறமைகளையும் கட்டம் போட்டு ஒப்பிடுவதென்றும், கூடுதல் மதிப்பெண் எடுத்தவர் பெயரையே அரங்கத்துக்குச் சூட்டுவதென்றும் கமிட்டி முடிவெடுத்தது. கமிட்டித் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவரும் ரொட்டிக் கட்சி. ஆனாலும் நியாயமாக நடந்த மாதிரி இருக்க வேண்டுமே! மதிப்பெண் போட மணிக்காரரைவிட நடுநிலையான ஆள் எங்கே கிடைப்பார்? மலர் எங்கள் அச்சகத்தில்தான் தயாரானது. கட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அத்தான் வீட்டுக்குப் போனேன்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் சாப்பாட்டு மேஜையில் கட்டத்தை விரித்து வைத்துப் பார்த்தார்.

"நான்தான் எதையும் பார்த்ததில்லையேப்பா."

"கேட்டிருக்கீங்கல்ல? அது போதும். கால் வேலை, பத்துக்கு எத்தனை?"

இந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"தபால்காரர் கால் பலகைல படும், ஆனா அழுத்தாது. சுவத்துல பல்லி ஓடுற மாதிரி. பத்து போடு. ரொட்டிக்காரர் கால் ஒரு சுத்துக்கு நாலு தடவைதான் கேக்கும். அஞ்சாவது தடவை கேட்டா எதிராளி விழுந்திருப்பான். ஆறு போடு."

"வலது கை?"

"ரொட்டிக்காரருக்குப் பத்து. அவர் அடிச்சா என் மேஜை ஆடும், தண்ணி டம்ளர் நகரும். தபால்காரருக்கு ஏழு."

"மூச்சு?"

"ஓய்வு நிமிஷத்துல தபால்காரர் இருபது தடவை மூச்சு விடுவார். எண்ணியிருக்கேன். இன்னொருத்தர் முப்பத்தெட்டு."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பார்த்தவர்கள் நாங்கள் எல்லோரும் கட்சி கட்டிக்கொண்டு கத்தியதுதான் மிச்சம். பார்க்காதவர் இத்தனை தெரிந்து வைத்திருக்கிறார். அடி தாங்குவதில் ரொட்டிக்காரர் ஏறினார், தற்காப்பில் தபால்காரர் ஏறினார். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட சமம். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. "கடைசி வரை நிற்கும் திறன்."

"இதை நீங்க சொல்லவே வேணாம் அத்தான். ரொட்டிக்குப் பத்து. தபாலுக்கு நாலே தாராளம். ரெண்டு செகண்டு தாங்கலையே!"

கண்ணைத் திறந்தார். "நாலு போடாதே."

"ஏன்?"

"அந்த ரெண்டு செகண்டு நான் எழுதினது."

"தெரியும். உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்தைச் சொல்லலப்பா. அது நானா எழுதினது. பொய்."

அக்காவின் ஊசி பாதியில் நின்றது.

பத்தாவது சுற்றில் தபால்காரரின் காலடி திடீரென்று நின்றுபோனதாம். ரொட்டிக்காரரின் மூச்சு கேட்கிறது, கை காற்றை அறைகிற சத்தம் கேட்கிறது, காலடி மட்டும் இல்லை. விழுந்துவிட்டாரா? விழுந்திருந்தால் பலகை அதிர வேண்டும். அதிரவில்லை. அந்தப் பல்லி ஓட்டம் எங்கேதான் போனது? தாங்க முடியாமல், அத்தனை வருட வேலையில் ஒரே ஒரு தடவை, அத்தான் முள்ளைவிட்டுக் கண்ணை எடுத்து மேலே பார்த்தார். தபால்காரர் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ரொட்டிக்காரர் அடிக்கிறார், அடிக்கிறார், ஒன்றுகூடப் படவில்லை. தலை கொஞ்சம் சாய்கிறது, தோள் கொஞ்சம் விலகுகிறது, ஒவ்வோர் அடியும் ஒரு விரல் அகலத்தில் தப்பிப் போகிறது.

"அப்புறம்?"

"அப்புறம் நான் குனியவே இல்லை. அவர் விழுந்ததும்தான் வாட்ச் ஞாபகமே வந்தது. பார்த்தா மூணு நிமிஷம் முப்பத்தி நாலு செகண்டு."

அரங்கமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் பின்தங்கி ஓடுகிற ரகம். நடுவர் மணிக்காகக் காத்திருந்தார். மணிக்காரர் மேல்தான் எல்லோருக்கும் அத்தனை நம்பிக்கை! எழுதுவதற்குப் பதிவேடு வந்தபோது அத்தானுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் எதை எழுதினாலும் மாட்டிக்கொள்வார். இரண்டு ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று மறுநாளே போய் நின்றிருக்கிறார். உங்களைப் போல ஆள் கிடைப்பாரா என்று சொல்லித் திருப்பி அனுப்பி, சில வருடம் கழித்துப் பதக்கமும் கொடுத்துவிட்டார்கள்.

"இத்தனை வருஷத்துல என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றாள் அக்கா.

"நீ கேக்கலையே."

"நான் என்னத்தைக் கேட்டு நீங்க என்னத்தைச் சொல்லியிருக்கீங்க? உப்பு இருக்கு. அவ்வளவுதானே?"

எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக நான் அளந்துவிட்ட பேச்சு அத்தனையும் ஒரு நொடியில் காற்றாகப் போனால் வராதா? "வெளியே சொல்லாதீங்க அத்தான். ரொட்டிக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. யாருக்கு என்ன லாபம்?" என்றேன்.

"தபால்காரர் இருக்காரே," என்றார். "அவர் தோக்கலைன்னு அவர் உயிரோட இருக்கும்போதே எழுதணும். எனக்கும் வயசு எழுபத்தொண்ணு."

பெயர் போனாலும் பரவாயில்லை என்று தீர்மானித்துவிட்டார். போவதற்கு அவரிடம் இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். பயமாகத்தான் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கமிட்டிக்குக் கிளம்பினார்.

அரங்கத்தின் மாடி அறையில் கூட்டம். மடக்கு நாற்காலிகள், கண்ணாடி அலமாரியில் கறுத்துப்போன கோப்பைகள். அத்தான் எழுந்து நின்று, நடந்ததை வரிசையாக, ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.  மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"என்ன மணிக்காரரே, காது குத்துறீங்களா?"

பதிவேடு வந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தா இருக்கு, ரெண்டு ஐம்பத்தெட்டு. உங்க கையெழுத்து. இதை நம்புறதா, உங்களை நம்புறதா?"

"என்னை நம்புங்க."

"மணிக்காரர் மணி அடிக்க மறந்துட்டார்னு சொன்னா இந்த ஊர்ல பச்சைக் குழந்தைகூட நம்பாதுங்க."

"நான்தாங்க மணிக்காரர்!"

"அதனாலதான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வயதாகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்றார் ஒருவர். கடைசிக் காலத்தில் தபால் கட்சிக்குத் தாவிவிட்டார் என்றார் இன்னொருவர். செத்துப் போனவர் பட்டத்தைப் பிடுங்கப் பார்க்கிறாரே என்று ஒருவர் வருத்தப்பட்டார். நொடி தப்பாதவர் என்ற பெயருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நடுநிலை மட்டும் போயே போய்விட்டது.

அந்த அறையில் அவர் சொன்னதை நம்பிய ஆள் நான் ஒருவன்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணியதைக் கேட்டவன் நான். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டத்தில் தபால்காரருக்கு நான்கு போட்டது கமிட்டி. எழுதியது என் பேனா. ரொட்டிக்காரர் மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுத்து ஜெயித்தார். அரங்க வாசலில் அவர் பெயர் ஏறியது. பிழை ஏதும் இல்லை, அச்சிடலாம் என்று அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மலர் வெளியான மறுநாள் காலையில் அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "நீயும் போ," என்றாள் அக்கா என்னிடம். அவள் சொன்ன தொனியில் மறுக்க இடமில்லை.

தபால்காரர் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தார். படி குறுகல். கதவைத் திறந்தவர் தடியை ஊன்றி நின்றார். முட்டி இரண்டும் போய்விட்டது. தோள் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மேஜையில் மலர் பிரிக்காமல் கிடந்தது.

"வாங்க மணிக்காரரே," என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அத்தான் நின்றபடியே சொன்னார். கமிட்டியில் அத்தனை கோர்வையாகச் சொன்னவருக்கு இங்கே வார்த்தை வரவில்லை. மணியை அடிக்கவில்லை, பொய் எழுதினேன், நீங்கள் தோற்கவில்லை என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார். தபால்காரர் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு அரை நிமிஷம் இருக்குமா?"

"முப்பத்தி நாலு செகண்டு. உங்களுக்குத் தெரியுமா?"

"உடம்புக்குத் தெரியும். மூணு நிமிஷத்துக்கு எனக்கு வாட்ச் வேணாம். முடிஞ்சுபோச்சுன்னு உடம்பு சொல்லிடுச்சு, மணி வரலை. கொஞ்ச நேரம் சமாளிச்சேன். இன்னும் வரலையேன்னு உங்க பக்கம் திரும்பினேன். நீங்க வாயைப் பொளந்துகிட்டு என்னையே பார்த்துட்டு இருந்தீங்க. அப்பதான் தாடையில விழுந்துச்சு."

உடம்பிலேயே நேரம் தெரிகிற இந்தத் திறமைக்கு எங்கள் கட்டத்தில் இடமே விடவில்லை.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏன் சொல்லாம? ரெண்டு வருஷம் பார்த்தவங்ககிட்டல்லாம் சொன்னேன். தோத்தவன் புலம்புறான்னாங்க. மணிக்காரர் தப்புப் பண்ண மாட்டார்னாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே அப்படித் தோண ஆரம்பிச்சிடுச்சு. தப்பு என் உடம்புலதான் போலிருக்குன்னு. நேரம் தெரியாத உடம்பை வெச்சுக்கிட்டு மேடை ஏற முடியுமா? விட்டுட்டேன்."

அத்தான் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. அந்தப் பேச்சைப் பேசியவர்களில் நானும் ஒருவன், இவரைப் பற்றி, பஸ்ஸில், முன்பின் தெரியாதவர்களிடம்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் தபால்காரர்.  "அத்தனை வருஷம் ஒரு செகண்டு தப்பல. என் வாழ்க்கையில மட்டும் ஏன் அடிக்கலை?"

அத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உங்களைப் பார்த்துட்டு இருந்தேன். அவ்வளவு அழகா இருந்தீங்க. மணின்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு. ரொட்டிக்காரர் அப்படிச் சண்டை போட்டிருந்தா நான் நேரத்துக்கு அடிச்சிருப்பேன்." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்கதாங்க பெரியவர். சந்தேகமே இல்லை," என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு தீர்ப்பு வந்து நான் கேட்டதே இல்லை.

 தபால்காரர் திட்டுவார் என்று நினைத்தேன், தடியால் அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியைக் காலால் அத்தான் பக்கம் தள்ளினார்.

"அப்போ படம் பிடிக்கல யாரும். என்னை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை," என்றார். "உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. நான் எப்படி நின்னுட்டு இருந்தேன்?"

அத்தான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எனக்கு அதில் உட்கார முகமில்லாமல் வெளியே வந்து படியில் நின்றுகொண்டேன்.